தெருவில் பள்ளம், நகராட்சி மௌனம்: பணம் கொடுத்துச் செய்தி போடலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி ஐந்து மாதமாகிறது. குழாய் பதித்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. மழை பெய்தால் ஆட்டோ உள்ளே வர மறுக்கிறது. கவுன்சிலர் ‘இன்ஜினியரைக் கேளுங்க’ என்கிறார், இன்ஜினியர் ‘வேலை நடந்துட்டிருக்கு’ என்கிறார். வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒட்டியிருக்கும் ஒருவர், நகராட்சி பி.ஆர்.ஓ. தனக்கு நெருக்கம் என்றும், 8,000 ரூபாய் கொடுத்தால் செய்தி போட்டு ஒரே வாரத்தில் ரோடு போட வைப்பதாகவும் சொல்கிறார். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பாதிப் பேர் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

- ஒரு வாசகி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. சங்கத்தில் மற்றவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த பி.ஆர்.ஓ. விஷயம். மாநகராட்சிகளில் மக்கள் தொடர்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் பெரும்பாலான நகராட்சிகளில் அப்படி ஒரு பணியிடமே கிடையாது. கலெக்டர் அலுவலகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருப்பார். அவர் செய்தித் துறைக்காரர், மாவட்டம் முழுவதற்கும் அரசுச் செய்திகளைக் கொடுப்பவர். உங்கள் நகராட்சி ஆணையருக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. இல்லாத ஓர் ஆளிடம் நெருக்கம் என்று சொல்பவரை எடைபோட இதற்கு மேல் என்ன வேண்டும்? மாநகராட்சியாகவே இருந்தாலும் பி.ஆர்.ஓ. சொல்லி ஒரு லோடு ஜல்லி நகராது. ஜல்லி நகர்வது கோப்பு நகர்ந்தால்தான். அந்தக் கோப்பு பொறியியல் பிரிவில் இருக்கிறது.

உங்களுக்கு ஏன் யாரும் பதில் சொல்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூமி பூஜை போட்டால் அன்று மாலையே படம் வரும். தலைவர் கையில் மண்வெட்டி, பக்கத்தில் ஆணையர், பின்னால் கவுன்சிலர்கள். ஆய்வு செய்தால் படம், கொடியசைத்தால் படம். ஆனால் ஒப்பந்ததாரருக்கு பில் பாஸாகாமல் அவர் பொக்லைனை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார் என்றால், அதை மக்களுக்குச் சொல்வது யாருடைய வேலையும் அல்ல. பொறியாளர் தேதி சொல்ல மாட்டார். சொன்ன தேதியில் முடியாவிட்டால் நாளை மன்றக் கூட்டத்தில் அவரைத்தான் நிற்க வைத்துக் கேட்பார்கள். கவுன்சிலருக்கே பல நேரம் தெரியாது. பள்ளம் எப்போது மூடப்படும் என்பதை ஒரு வரியில் எழுதித் தெருமுனையில் ஒட்ட இந்த அமைப்பால் முடியவில்லை என்பதைப் பணியில் இருந்தபோதும் என்னால் ஏற்க முடியவில்லை, இப்போதும் முடியவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், யாரும் கேட்காமலேயே, மக்களுக்குப் புரியும் உள்ளூர் மொழியில் தகவலை வெளியிடச் சொல்கிறது. இருபது ஆண்டு கடந்தும் உங்களைப் போன்றவர்கள் கேட்டுக் கேட்டு அலைகிறீர்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். சட்ட நுணுக்கமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். இரண்டு தாள் போதும்.

முதல் தாள் மனு. ஆணையருக்கு, ஒரே பக்கத்தில். தெருப் பெயர், வார்டு எண், தோண்டிய மாதம், இப்போதைய நிலை, எப்போது சாலை போடப்படும் என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கும்படி கோரிக்கை. ஆட்சியைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினால் அந்த இரண்டு பக்கத்துக்குள் உங்கள் தெரு காணாமல் போய்விடும். இன்றைய தேதியில் எடுத்த இரண்டு படங்களை அச்சிட்டு இணையுங்கள். அதை ஆணையர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர் வாங்கி, சிரித்துப் பேசி, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார், அதோடு போச்சு. நேரே தபால் பிரிவுக்குப் போங்கள். இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் அலுவலக முத்திரை, தேதி, கையொப்பம் மூன்றும் வாங்குங்கள். ‘வச்சிட்டுப் போங்க, சார் வந்ததும் சீல் போடுறோம்’ என்பார்கள். நகராதீர்கள். இரண்டு நாள் கழித்து அதே மேசைக்குப் போய் மனுவின் எண்ணைக் கேட்டுப் பிரதியில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு யாரைப் பார்த்தாலும் ‘என் தெரு’ என்று ஆரம்பிக்காமல் அந்த எண்ணைச் சொல்லி ஆரம்பியுங்கள். பேச்சின் போக்கே மாறும்.

2015 செப்டம்பரில் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்ட அரசாணை எண் 99 என்று ஒன்று இருக்கிறது. மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் முடிவு என்கிறது அது. மனுவின் கடைசி வரியில் இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். அரசின் உதவி எண்ணான 1100இலும் புகார் பதியலாம், தப்பில்லை. ஆனால் அங்கே ‘சம்பந்தப்பட்ட அலுவலருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதிப் புகாரை முடித்துவிடுவதும் நடக்கிறது. அதனால் முத்திரை விழுந்த தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது தாள் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். ஒரு மாதம் போயும் மனுவுக்குப் பதில் வராவிட்டால் இதைப் போடுங்கள். ‘பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அலுவலகம்’ என்று முகவரி. பத்து ரூபாய்க்கு கோர்ட் பீ வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் ரோடு போடவில்லை?’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்தச் சட்டத்தில் கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும், விளக்கம் கேட்க முடியாது. ‘ஏன்’ என்று தொடங்கினால் ‘தாங்கள் கோருவது தகவல் வரையறைக்குள் வராது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: எங்கள் தெருவில் நடக்கும் பணிக்கான பணி உத்தரவின் நகல். பணி முடிக்க வேண்டிய தேதி. கால நீட்டிப்பு கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகல். தோண்டிய சாலையைச் சீரமைக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் காட்டும் ஒப்பந்தப் பக்கத்தின் நகல். இந்த நான்கு போதும். முப்பது கேள்வி கேட்டால் முப்பதுக்கும் பதில் வராது.

நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், அல்லது ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம். பதிலுக்கு 30 நாள். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்பார்கள். கோப்பை நேரில் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி மனுக்கள் இதில்தான் சாகின்றன. உங்கள் தெரு நகராட்சியுடையதாக இருக்கலாம், ஆனால் தோண்டியது நகராட்சியாக இல்லாமல் இருக்கலாம். பல ஊர்களில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைச் செய்வது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். ஊர்க்காரர்கள் ‘டுவாட்’ என்பார்கள். வேலை முடிந்த பிறகு அது நகராட்சியிடம் ஒப்படைக்கப்படும். அதுவரை ஒப்பந்தமும் பணி உத்தரவும் வாரியத்தின் கோப்பில்தான் இருக்கும். அப்போது ‘எங்களிடம் கோப்பு இல்லை’ என்று நகராட்சி சொல்வது பொய்யில்லை. இதோடு முடியவில்லை. உங்கள் தெரு பிரதான சாலையில் போய்ச் சேரும் இடத்தில் அந்தச் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். அங்கே வெட்ட அவர்கள் அனுமதி வேண்டும், மூடும் பணத்தை அவர்களிடமே முன்கூட்டிக் கட்டிவிடுவதும் உண்டு. ஆகவே ஒரே பள்ளத்தில் தோண்டியவர் ஒருவர், மூட வேண்டியவர் ஒருவர், உங்களிடம் வரி வாங்குபவர் ஒருவர் என்று மூன்று பேர் இருக்கலாம். மூன்று பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள், மூவரும் சொல்வது ஓரளவு உண்மையாகவும் இருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? பணி நடக்கும் இடத்தில் விவரப் பலகை இருந்தால் அதில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தெருவில் இல்லாவிட்டால் கழிவுநீரை பம்ப் செய்யும் நீருந்து நிலையம் கட்டும் இடத்தில் பெரும்பாலும் இருக்கும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் தெரியவில்லையா, நகராட்சிக்கே ஆர்.டி.ஐ. போட்டு, அதில் ஒரு வரி சேருங்கள்: ‘இத்தகவல் வேறு பொது அதிகார அமைப்பிடம் இருந்தால் பிரிவு 6(3)இன்படி அங்கு மாற்றி அனுப்பவும்.’ ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய அலுவலகத்துக்கு அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ‘அங்கே போய்க் கேளுங்க’ என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தரக் கூடாது. தந்தால் வாங்காதீர்கள்.

இனி அந்த ‘பிரஸ்’காரர். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது பள்ளம் இல்லை, இவர்தான். உண்மையான நிருபர் செய்திக்கு மக்களிடம் காசு வாங்க மாட்டார். அவருக்குச் சம்பளமோ செய்திக்கான கூலியோ நிறுவனம் தருகிறது. ஸ்டிக்கர் பத்து ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. இந்தத் தொல்லை எந்த அளவுக்குப் போனதென்றால், போலி நிருபர்களைக் களைய ஓர் அமைப்பு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021இல் சொன்னது. இவர்கள் வேலை செய்யும் விதம் இதுதான்: உங்களிடம் 8,000 வாங்குவார். உங்கள் மனு நகலையும் படங்களையும் வாங்கிக்கொள்வார். அதை எடுத்துக்கொண்டு ஒப்பந்ததாரரிடம் போவார். ‘தெருவே கொதிக்கிறது, செய்தி போடட்டுமா?’ என்பார். அங்கே இதைவிடப் பெரிய தொகை பேசி முடியும். பிறகு உங்களிடம் வந்து, ‘மேலே பேசியாச்சு, மழை முடியட்டும்’ என்பார். உங்கள் பணமும் போய், புகாரும் போய்விடும்.

இதே ஆட்டத்தை ‘ஆர்.டி.ஐ. ஆர்வலர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்தவர்கள் சிலரும் ஆடுகிறார்கள். உண்மையான ஆர்வலர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களில் சிலர் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறார்கள், அவர்களை நான் வணங்குகிறேன். நான் சொல்வது, ‘நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்’ என்று வெற்றுத் தாளை நீட்டுபவரைப் பற்றி. அந்தத் தாளில் பிறகு என்ன எழுதப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. புகாரும் உங்கள் பெயரில் போகும், ‘புகாரைத் திரும்பப் பெறுகிறேன்’ என்ற கடிதமும் உங்கள் பெயரில் போகும். எத்தனை பெரியவர்கள் கலங்கிப் போய் என் மேசைக்கு முன்னால் நின்று, ‘நான் வாபஸ் வாங்கலையே சார்’ என்றிருக்கிறார்கள்! கீழே அவர்கள் கையெழுத்து பளிச்சென்று இருக்கும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிய தாளிலும் கடைசி வரியை ஒட்டியே கையெழுத்துப் போடுங்கள், நடுவே இடம் விடாதீர்கள். கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் எழுதி வாங்கலாம், அது பிழைப்பு. ஆனால் கொடுப்பதற்கு உள்ளே நீங்களே போங்கள்.

பத்திரிகைக்கே போகக் கூடாதா என்றால், தாராளமாகப் போகலாம். இலவசமாக. மனுவில் முத்திரை விழுந்த பிறகு, அந்தப் பிரதியோடும் படங்களோடும் உங்கள் ஊர் நாளிதழ் நிருபரைப் பாருங்கள். யார் என்று தெரியாவிட்டால் கலெக்டர் அலுவலகச் செய்தித் துறைப் பிரிவில் கேளுங்கள், எந்த நாளிதழுக்கு யார் என்று அவர்களுக்குத் தெரியும். கையில் மனு எண் இருந்தால் நிருபருக்கும் எழுதுவது சுலபம், ஆணையரைக் கூப்பிட்டு ‘இந்த எண் மனு என்ன ஆச்சு?’ என்று கேட்டுவிடலாம். செய்தி வந்தால் அதை வெட்டி அடுத்த மனுவில் இணையுங்கள்.

அதோடு, உங்கள் வார்டில் பகுதி சபை, அதாவது அந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம், கூடுகிறதா என்று கவுன்சிலரைக் கேளுங்கள். 2022இல் இதற்கு விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே பம்மலில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தார். இப்போது பல வார்டுகளில் எப்போது கூடியது என்று யாருக்கும் தெரிவதில்லை, அறிவிப்பும் வருவதில்லை. கூடினால் பத்துப் பேர் போய், உங்கள் தெருப் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். பள்ளம் மூடாமல் கிடந்து, தடுப்பும் சிவப்பு விளக்கும் இல்லை என்றால் இந்த மனு, 30 நாள் எதற்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆணையருக்குப் போன், காவல் நிலையத்தில் ஒரு எழுத்துப் புகார்.

கடைசியாக, மனுவைச் சங்கத்தின் பெயரில் கொடுங்கள், எத்தனை வீட்டார் கையெழுத்துப் போட முடியுமோ அத்தனை பேரும் போடுங்கள். ஆனால் ஆர்.டி.ஐ. விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, அதைக் காட்டியே திருப்பி அனுப்புவார்கள். செயலாளரோ நீங்களோ சொந்தப் பெயரில், வீட்டு முகவரியோடு போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கு வில்லைகூட ஒட்ட வேண்டாம், தமிழ்நாட்டில் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது.