தலைமைக் குரங்கின் ரத்தத்தில் என்ன இருக்கிறது? வாசகர் கேள்விகள்

விலங்குக் கூட்டங்களில் யார் மேலே, யார் கீழே என்பதில் மூளை வேதியியலுக்கு என்ன பங்கு என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் குரங்குக்கு செரட்டோனின் அதிகம் என்று படித்தேன். பிறவியிலேயே அப்படி அமைந்தவைதான் தலைவன் ஆகின்றனவா?

செரட்டோனின் என்பது நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். அதன் அளவு அதிகம் என்பது உண்மை. பிறவியிலேயே என்பதுதான் இடிக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மைக்கேல் மெக்வயர், மைக்கேல் ராலே ஆகியோரின் குழு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வெர்வெட் குரங்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. தலைமை ஆணின் ரத்தத்தில் செரட்டோனின் மற்ற ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஆனால் அதைப் பிரித்துத் தனியே வைத்ததும் அளவு இறங்கியது. அதன் இடத்தைப் பிடித்த குரங்குக்கு ஏறியது. அதாவது பதவி வந்த பிறகு ரத்தம் மாறியது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 1991-இல் வெளியான அவர்களுடைய சோதனையில் 12 கூட்டங்களிலிருந்து தலைமை ஆணை அகற்றினார்கள். மீதி ஆண்களில் ஒன்றுக்கு மட்டும் மருந்து. செரட்டோனின் செயல்பாட்டைக் கூட்டும் மருந்து பெற்றவை தலைமைக்கு வந்தன. குறைக்கும் மருந்து பெற்றவை அடங்கிப் போயின.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. மேலே வந்த குரங்குகள் அடித்துப் பிடித்து வரவில்லை. அவற்றின் முரட்டுத்தனம் குறைந்தது. பெண் குரங்குகளுக்குப் பக்கத்தில் உட்காருவதும் பேன் பார்ப்பதும் கூடின. அந்த நெருக்கம் முதலில் வந்தது, தலைமை அப்புறம்தான். செரட்டோனின் குறைக்கப்பட்டவையோ அடிக்கடி வம்புக்குப் போயின. தலைமை என்றாலே மூர்க்கம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அப்படியானால் ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோன்தான் ஒன்றை மேலே கொண்டுபோகிறதா?

புள்ளிக் கழுதைப்புலிகளைப் பாருங்கள். அங்கே பெண்கள்தான் மேலே. ஆனால் வளர்ந்த பெண்ணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், வெளியிலிருந்து வந்து சேரும் ஆண்களைவிடக் குறைவு. குட்டிக்குத் தாயின் இடத்துக்கு அடுத்த இடம் கிடைக்கும். இரண்டு விலங்குகள் மோதும்போது யாருக்குத் துணைக்கு வர ஆள் அதிகமோ அதுவே பெரும்பாலும் ஜெயிக்கும் என்று தான்சானியாவின் ங்கோரோங்கோரோ பள்ளத்தில் நடந்த ஆய்வு 2019-இல் காட்டியது. ஹார்மோனை மட்டும் அளந்து இதைக் கணித்துவிட முடியாது.

சிங்கி இறாலுக்கும் செரட்டோனின், நமக்கும் செரட்டோனின். எனவே மனிதரில் மேல் கீழ் என்பதும் இயற்கையே என்கிறார்கள். சரியா?

சரியில்லை என்று உறுதியாகச் சொல்வேன். வேதிப்பொருள் ஒன்றாக இருக்கலாம், அது செய்யும் வேலை இடத்துக்கு இடம் மாறும். சிங்கி இறாலின் உறவினமான, நன்னீரில் வாழும் கிரேஃபிஷ்ஷில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் எட்வர்ட்ஸ் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஆபத்து வந்தால் வாலைச் சுண்டித் தப்பிக்க உதவும் ஒரு பெரிய நரம்புச் செல் அதற்கு உண்டு. மேலாதிக்கம் பெற்ற கிரேஃபிஷ்ஷில் செரட்டோனின் அந்தச் செல்லைத் தூண்டுகிறது. அடங்கிப் போனதில் அதே செரட்டோனின் அதே செல்லை அடக்குகிறது. அடங்கியிருந்த இரண்டை ஒன்றாக விட்டால் அவற்றில் ஒன்று மேலே வரும், அதன் செல் சுமார் இரண்டு வாரத்தில் புதிய நிலைக்கு மாறிவிடும். மேலே இருந்து கீழே வந்தாலோ, மாற்றம் மிக மிக மெதுவாகவே நடக்கிறது. ஒரே இனத்துக்குள், ஒரே செல்லில் இவ்வளவு வேறுபாடு. இதை வைத்து மனிதச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வுக்கு நியாயம் கற்பிப்பது அறிவியலும் ஆகாது, நேர்மையும் ஆகாது.

மேலே இருப்பவருக்கு மன அழுத்தம் குறைவுதானே?

பல கூட்டங்களில் ஆம். கென்யாவில் ராபர்ட் சபோல்ஸ்கி ஆராய்ந்த பபூன் குரங்குகளில், படிநிலை நிலையாக இருந்த காலங்களில், கீழே இருந்த ஆண்களுக்குத்தான் அழுத்த ஹார்மோனான கார்டிசால் அதிகம். ஆனால் அதே நாட்டின் அம்போசெலியில் 125 ஆண் பபூன்களை 9 ஆண்டுகள் கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், முதலிடத்து ஆணுக்கு அழுத்த ஹார்மோன் இரண்டாம் இடத்து ஆணைவிடத் தெளிவாகவே அதிகம். இடத்தைக் காக்கவும் பெண்களைப் பின்தொடரவும் அதற்கு ஓய்வே இல்லை.

சபோல்ஸ்கியின் இன்னொரு கூட்டத்தின் கதையும் உண்டு. 1980-களின் நடுவில், சுற்றுலா விடுதிக் குப்பையில் கிடந்த இறைச்சி வழியே காசநோய் பரவி, அங்கே போய்ச் சண்டையிட்டுத் தின்ற முரட்டு ஆண்கள் செத்துப்போயின. எஞ்சியவை சாந்தமானவை. பிறகு வெளியிலிருந்து வந்த ஆண்களும் அந்தப் பழக்கத்துக்கே மாறின. அங்கேயும் படிநிலை இருந்தது. ஆனால் கீழே இருந்தவற்றின் உடலில் வழக்கமான அழுத்த அறிகுறிகள் தென்படவில்லை.

மீன் தொட்டியிலிருந்து பெரிய சிக்லிட் மீனை எடுத்துவிட்டேன். மங்கலாக இருந்த மற்றொன்று அன்றே பளிச்சென்று ஆகிவிட்டது. நோயா?

நோய் என்று பயப்பட வேண்டாம், காலியான இடத்தை அது பிடித்திருக்கிறது. டாங்கனிக்கா ஏரியின் பர்ட்டன் சிக்லிட்டில் இதை ஸ்டான்ஃபோர்டில் ரஸல் ஃபெர்னால்ட் விரிவாக ஆராய்ந்தார். நிறம் சில நிமிடங்களில் மாறும். இனப்பெருக்கத்தை இயக்கும் மூளைச் செல்களில் மரபணுச் செயல்பாடு 20 நிமிடத்திலேயே உயரும். நாளாக நாளாக அந்தச் செல்கள் பெரிதாகும். பெரியதைத் திரும்ப விட்டால் எல்லாம் தலைகீழாகும்.

கோழிகளில் ஒன்றை மற்றவை கொத்திக்கொண்டே இருக்கின்றன. செரட்டோனின் மாத்திரை உதவுமா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். கோழிகளில் இந்தக் கொத்தும் வரிசையை நார்வேயின் ஷெல்டெருப்-எப்பே 100 ஆண்டுகளுக்கு முன்பே விவரித்துவிட்டார். தீவனத்தைச் சுற்றித்தான் அது கடுமையாகத் தெரியும். இரண்டாவதாக ஒரு தீவனத் தட்டையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் தள்ளி வையுங்கள், ஒதுங்க மறைவிடம் கொடுங்கள். ரத்தக் காயம் இருந்தால் அந்தக் கோழியை உடனே பிரித்துவிடுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மற்றவை இன்னும் கொத்தும்.