அமெரிக்காவுல சவுத் டகோட்டா பக்கம் இருக்குற லக்கோட்டா பழங்குடிகளோட ஆன்மிகத்தையும் கிறிஸ்தவ ஊழியத்தையும் சேர்த்து "கலந்த ஊழியம்" நடத்த முடியுமா, சர்ச்சுகள் இப்ப எடுக்குற புது முயற்சி இது, நேர்ல போய்ப் பார்க்கணும்னு கேட்டிருக்கீங்க. அதனால அந்த ஜனங்களுக்கு நிஜமாவே ஆறுதலும் நியாயமும் கிடைக்குதா?

சேர்க்க முடியுமான்னு கேட்டா, அது சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கேள்வியில "சர்ச்சுகள் இப்ப எடுக்குற புது முயற்சி"ன்னு போட்டிருக்கீங்க, அங்கதான் எனக்கு ஒத்துவரல. சேர்த்தது பெரும்பாலும் லக்கோட்டா ஜனங்களே, சர்ச் ரொம்ப லேட்டா பின்னாடி வந்துச்சு. யார் சேர்க்குறாங்க, சேர்க்கும்போது அதிகாரம் யார் கையில இருந்துச்சுன்னு பார்க்காம பேசினா இது வெறும் தியாலஜி சண்டையா போயிடும்.

நான் தூத்துக்குடி பக்கத்து சி.எஸ்.ஐ குடும்பம். வேலைக்காக சவுத் டகோட்டாவுல ராப்பிட் சிட்டில சில வருஷம் இருந்தேன், கூட வேலை பார்த்தவங்கள்ல பைன் ரிட்ஜ், ரோஸ்பட் ரிசர்வேஷன்ல (பழங்குடிகளுக்குன்னு அரசாங்கம் ஒதுக்கின நிலம்) இருந்து வந்த லக்கோட்டா ஜனங்க நிறைய பேர். அவங்க கிட்ட கேட்டது, அதுக்கப்புறம் நானா தேடிப் படிச்சது, ரெண்டும் கலந்துதான் இந்தப் பதில். நான் வெளியாள், அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல கோஸ்ட் டான்ஸ், அந்தக் காலத்துல பழங்குடிகள் நடுவுல பரவின ஒரு நடன வழிபாட்டு இயக்கம். இதை எல்லாரும் "பழைய மதத்தோட கடைசி மூச்சு"ன்னு எழுதுவாங்க, எனக்கு அப்படித் தோணல. நெவாடாவுல பையூட் இனத்தைச் சேர்ந்த வோவோக்கான்னு ஒருத்தர், சின்ன வயசுல ஒரு கிறிஸ்தவ பண்ணைக்காரர் வீட்டுல இருந்தவர், 1889-ல ஒரு தரிசனம் கண்டேன்னு சொன்னாரு. செத்தவங்க எழும்புவாங்க, பூமி புதுசாகும், யாரும் யாரையும் அடிக்காதீங்க, இந்த நடனத்தை ஆடுங்கன்னு. இதுல மேசியா வாசனை இல்லையா? லக்கோட்டால இருந்து கிக்கிங் பேர், ஷார்ட் புல் எல்லாம் அவ்வளவு தூரம் போய் அவரைப் பார்த்துட்டு வந்தாங்க. ரேஷனைக் குறைச்சு ஜனங்க பட்டினி கிடந்த நேரம் அது, 1868 ஒப்பந்தத்துல அரசாங்கம் அவங்களுக்கு எழுதிக் குடுத்த பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியை தங்கம் கிடைச்சதும் 1877-ல பிடுங்கியாச்சு, இருந்த நிலத்தையும் 1889-ல துண்டு துண்டா வெட்டியாச்சு. அந்த நிலைமையில கிறிஸ்தவத்துல இருந்து தங்களுக்கு வேணுங்கறதை அவங்களே எடுத்து தங்களோட நடனத்துல வெச்சாங்க. அதுக்குக் கிடைச்ச பதில் 1890 டிசம்பர் 29, வூண்டட் நீங்கற இடத்துல ராணுவம் நடத்தின படுகொலை. 250-ல இருந்து 300 பேர் வரைக்கும் செத்திருப்பாங்கன்னு சொல்றாங்க, பாதிக்கு மேல பொம்பளைங்களும் குழந்தைங்களும். அந்த வேலைக்காக ராணுவத்துல சுமார் 20 பேருக்கு நாட்டோட மிகப் பெரிய பதக்கம் வேற குடுத்தாங்க.

அன்னைக்கு ராத்திரி குண்டடி பட்டவங்களைக் கொண்டுவந்து போட்டது பைன் ரிட்ஜ்ல இருந்த எபிஸ்கோபல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) சர்ச்சுல. பெஞ்சை எல்லாம் வெளிய தூக்கிப் போட்டு, தரையில வைக்கோல் பரப்பி படுக்க வெச்சாங்க. கிறிஸ்மஸ் முடிஞ்சு நாலே நாள், ஜோடனையைக் கூட இன்னும் கழட்டல. அந்த சர்ச்சோட போதகரும் கலப்புல பிறந்த டகோட்டா (லக்கோட்டாவோட சகோதர இனம்) இனத்துக்காரர், வைத்தியம் பார்த்த டாக்டர் சார்ல்ஸ் ஈஸ்ட்மேனும் டகோட்டா, அவரும் கிறிஸ்தவர். லக்கோட்டாவும் சர்ச்சும் எங்க சந்திச்சாங்கன்னு யாராவது கேட்டா நான் இந்த இடத்தைத்தான் சொல்வேன், சுட்டவனோட மதமும் கட்டுப் போட்டவனோட மதமும் ஒண்ணா இருந்த இடம்.

இப்ப பிளாக் எல்க் கதைக்கு வர்றேன், ஏன்னா இந்தக் கேள்விக்கு முழுப் பதிலும் அந்த ஒரு மனுஷனுக்குள்ள இருக்கு. 9 வயசுல பெரிய தரிசனம் கண்டவர், வைத்தியர், லக்கோட்டா வழக்கத்துல புனித மனுஷன். பஃபலோ பில் ஷோவோட இங்கிலாந்து போய் விக்டோரியா ராணி முன்னாடி ஆடினவர். வூண்டட் நீ அன்னைக்கு அந்தப் பக்கம் குதிரையில போனவர். அவரோட முதல் மனைவி கத்தோலிக்கர், 1903-ல இறந்துட்டாங்க. அடுத்த வருஷம் ஒரு சாகக் கிடந்த பையனுக்கு இவர் சடங்கு பண்ணிட்டிருக்கும்போது ஒரு ஜெசுயிட் பாதிரியார் உள்ள வந்து மேளத்தையும் கிலுகிலுப்பையையும் தூக்கி வெளிய எறிஞ்சு, சாத்தானே போன்னு சொல்லி, அப்புறம் இவரையும் மிஷனுக்குக் கூட்டிட்டுப் போனார்னு அவரோட மகளே பின்னாடி சொல்லியிருக்காங்க. 1904 டிசம்பர் 6 ஞானஸ்நானம், புனித நிக்கோலஸ் திருநாள்ங்கறதால பேரு நிக்கோலஸ். அதுக்கப்புறம் அவர் உபதேசியார். ஊர் ஊரா போய் லக்கோட்டா மொழியில ஜெபம் சொல்லிக் குடுத்து, 400 பேருக்கு மேல அவர் மூலமா சர்ச்சுக்கு வந்தாங்கன்னு சொல்வாங்க.

ஆனா உலகத்துக்குத் தெரிஞ்ச பிளாக் எல்க் இந்த ஆள் கிடையாது. ஒரு வெள்ளைக்காரக் கவிஞர் அவரைப் பேட்டி எடுத்து 1932-ல வெளியிட்ட புத்தகம் வூண்டட் நீயோட நின்னுபோச்சு, உபதேசியாரா இருந்த கிட்டத்தட்ட முப்பது வருஷத்தை அப்படியே விட்டுட்டாரு. கவிஞருக்கு சோகமான கடைசி செவ்விந்தியன் வேணும், ஜெபமாலை பிடிச்ச தாத்தா வேண்டாம். ஜெசுயிட்களுக்கோ ஜெபமாலை தாத்தா மட்டும் வேணும், தரிசனம் வேண்டாம், புத்தகம் வந்ததும் கோவிச்சுக்கிட்டாங்க. மனுஷன் என்ன பண்ணினார்? கடைசி வரைக்கும் ரெண்டையும் விடல. 1940-கள்ல வயசான காலத்துல இன்னொரு ஆய்வாளர் கிட்ட உட்கார்ந்து லக்கோட்டாவோட ஏழு சடங்கையும் ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்தாரு, வியர்வைக் குடில் (மூடின குடிலுக்குள்ள சூடான கல்லோட ஆவியில உட்கார்ந்து ஜெபிக்கிறது), தனியா மலையில போய் உபவாசம் இருக்குறது, சூரிய நடனம், செத்தவரோட ஆத்துமாவை ஒரு வருஷம் வீட்டுல வெச்சுப் போற்றுறது, முன்னபின்ன தெரியாதவரை சொந்தமாக்கிக்கிறது, இப்படி. 1950-ல செத்தாரு, மாண்டர்சன்ல கத்தோலிக்கக் கல்லறையில புதைச்சாங்க. 2017-ல ராப்பிட் சிட்டி மறைமாவட்டம் அவருக்குப் புனிதர் பட்டம் குடுக்குற நடவடிக்கையை ஆரம்பிச்சுச்சு. மேளத்தை எறிஞ்ச அதே கத்தோலிக்க சர்ச்! நான் இதைக் கிண்டலா சொல்லல, ஆனா இந்த இடத்துல நம்ம கொஞ்சம் நின்னு யோசிக்கணும், ஏன்னா லக்கோட்டாவுலயே சில பேருக்கு இது சந்தோஷம், சில பேர் எங்க தாத்தாவையும் எடுத்துக்கிட்டாங்களேன்னு நினைக்குறாங்க.

பிளாக் எல்க் ஞானஸ்நானம் எடுத்த காலத்துல சடங்கு எல்லாம் சட்டப்படி குத்தம். 1883-ல கொண்டுவந்த விதிப்படி சூரிய நடனத்துக்கும் வைத்தியர்களோட வேலைக்கும் தடை, மீறினா ரேஷன் கட், ஜெயில். மத சுதந்திரச் சட்டம்னு ஒண்ணு அவங்களுக்கு வந்தது 1978-ல. பிள்ளைங்களை போர்டிங் ஸ்கூலுக்கு அனுப்பலன்னா ரேஷனை நிறுத்தலாம்னு வேற. ரோஸ்பட்ல இருந்து கார்லைல் ஸ்கூலுக்குப் போய் அங்கயே செத்துப் புதைஞ்ச 9 பிள்ளைங்களோட எலும்பு 2021-லதான் ஊருக்குத் திரும்பி வந்துச்சு.

நம்ம ஊரு ஆளுங்க உடனே ராபர்ட் டி நொபிலி மதுரையில காவி கட்டினாரே, அதே ஜெசுயிட் சபைதானேன்னு கேப்பீங்க. சபை அதேதான். ஆனா 1606-ல மதுரையில ஆட்சி நாயக்கர் கையில, நொபிலிக்குப் பின்னாடி பட்டாளம் கிடையாது, ஜனங்க கேக்கலன்னா அவர் பாட்டுக்கு கிளம்பிப் போகவேண்டியதுதான். பைன் ரிட்ஜ்ல ஜனங்களோட சாப்பாடே அரசாங்கத்து கையில இருந்துச்சு, மிஷன் அதுக்குப் பக்கத்துல இருந்துச்சு. எந்த ரிசர்வேஷன் எந்த சபைக்குன்னு வாஷிங்டன்ல உட்கார்ந்து பங்கு பிரிச்சிருக்காங்க சார், பைன் ரிட்ஜ் எபிஸ்கோபலுக்குன்னு. ரெட் க்ளவுட் தலைவர் எனக்கு கறுப்பு அங்கி சாமியார்தான், அதாவது ஜெசுயிட்தான் வேணும்னு விடாம கேட்டு வாங்கினாரு, அப்படி வந்ததுதான் 1888-ல ஆரம்பிச்ச ஹோலி ரோசரி மிஷன்.

சரி, ஆறுதல் கிடைக்குதான்னு கேட்டீங்களே. நான் கண்ணால பார்த்தது சாவு வீட்டுலதான். கூட வேலை பார்த்த ஒரு அக்காவோட அம்மா இறந்தப்ப போயிருந்தேன். பாரிஷ் ஹால்ல ரெண்டு ராத்திரி கண்ணு முழிச்சு உட்காருறாங்க, சவப்பெட்டி மேல நட்சத்திரக் குவில்ட் (துண்டுத் துணி ஒட்டித் தைச்ச போர்வை), சுவர் முழுக்க குவில்ட், லக்கோட்டா மொழியில கீர்த்தனை, இடையில மேளக்காரங்க வந்து அவங்க பாட்டு, சேஜ் இலையைப் புகைச்சு எல்லார் மேலயும் காட்டுறாங்க, பாதிரியார் வந்து ஜெபம், எல்லாத்துக்கும் நடுவுல காபியும் சூப்பும் போயிட்டே இருக்கு. எது சர்ச், எது லக்கோட்டான்னு பிரிச்சுக் காட்டுங்கன்னா யாராலயும் முடியாது, அங்க யாரும் பிரிக்கவும் நினைக்கல. அந்த நட்சத்திரக் குவில்ட்டையே பாருங்க, தையல் மிஷனரி பொம்பளைங்க சொல்லிக் குடுத்தது, எருமைத் தோல் இல்லாமப் போன காலத்துல அதுக்குப் பதிலா வந்தது, மேல இருக்குற நட்சத்திரத்தை விடிவெள்ளியாப் பார்க்குறது அவங்களோட வழக்கம். ஒரு வருஷம் கழிச்சு அந்தக் குடும்பம் நினைவுச் சாப்பாடு போட்டு, வருஷம் பூரா தைச்சு சேர்த்த குவில்ட்டை எல்லாம் வந்தவங்களுக்குக் குடுத்துடும். ஆத்துமாவை ஒரு வருஷம் வெச்சுப் போற்றுறதை 1890-ல அரசாங்கம் தடை பண்ணிச்சு, அது என்னமோ சர்ச் ஹால் வழியா இப்படித் திரும்பி வந்துடுச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட்னு ஒரு லக்கோட்டா சமூகப்பணி ஆய்வாளர், தலைமுறை தலைமுறையா இறங்கி வர்ற துக்கத்தைப் பத்தி முதல்ல தெளிவா எழுதினவங்க, அவங்க சொல்றதும் இதுதான், அழ விடாம தடுத்த துக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகும், குடியாவும் தற்கொலையாவும் வெளிய வரும்னு. 1986-ல இருந்து 1990 வரைக்கும் டிசம்பர் குளிர்ல, வூண்டட் நீல கொல்லப்பட்ட தலைவர் பிக் ஃபுட்டோட கூட்டம் வந்த அதே வழியில குதிரையில போய் நூறாவது வருஷம் கண்ணீர் துடைக்கிற சடங்கு பண்ணி முடிச்சாங்க. அதை சர்ச் நடத்தல. நடத்தியிருந்தா அவ்வளவு பேர் வந்திருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்.

பாதிரியார்கள் பக்கமும் முயற்சி இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. 1970-கள்ல ரோஸ்பட்ல வைத்தியர்களும் பாதிரியார்களும் வருஷக்கணக்கா ஒண்ணா உட்கார்ந்து பேசினாங்க, பைன் ரிட்ஜ்ல ஒரு ஜெசுயிட் புனித பைப்பை (சடங்குல புகைக்கிற குழாய்) வெச்சு ஜெபமே பண்ணினாரு. சுவிசேஷ சபை பக்கம் ரிச்சர்ட் ட்விஸ், ரோஸ்பட் லக்கோட்டா, 2013-ல தவறிட்டாரு, மேளமும் பவ்வவ் (பழங்குடிகளோட நடனக் கூட்டம்) உடுப்புமா ஆராதனைல ஆடலாம்னு ஊர் ஊரா பேசினவர். அவரைத் திட்டினது ரெண்டு பக்கமும். சபைக்காரங்க இது விக்கிரகம்னாங்க, பாரம்பரியவாதிங்க எங்ககிட்ட மிச்சம் இருக்குறதே இதுதான், இதையும் இயேசுவுக்குக் குடுக்கணுமான்னு கேட்டாங்க. ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை, முதல் ஆளுங்க கூட சண்டை போட எனக்குப் பொறுமையும் இல்லை. 2022-ல ஒரு வெளியூர் மிஷனரி துன்காஷிலாவை, அதாவது அவங்க தாத்தான்னு கூப்பிட்டு ஜெபிக்கிற கடவுளை, பேய்னு நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கப்போய் பைன் ரிட்ஜ் கவுன்சில் மிஷனரி வேலை எல்லாத்தையும் கொஞ்ச நாள் நிறுத்தியே வெச்சுது.

நியாயம்னு வந்தா விஷயம் நிலம். பாட்டு, புகை, மேளம் எல்லாம் ரெண்டாவது. 1980-ல சுப்ரீம் கோர்ட்டே பிளாக் ஹில்ஸை எடுத்தது தப்புன்னு சொல்லி 10 கோடி டாலருக்கு மேல நஷ்டஈடு தீர்ப்பு குடுத்துச்சு, வட்டியோட சேர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டியாச்சு, இன்னும் அவங்க தொடல, மலையைக் குடுங்கறாங்க. நாட்டுலயே ரொம்ப ஏழை ஜனங்க இருக்குற இடத்துல இருந்து இப்படி ஒரு பதில்! 2016-ல ஸ்டாண்டிங் ராக் ரிசர்வேஷன்ல எண்ணெய் பைப்லைனை எதிர்த்துப் போராட்டம் நடந்தப்ப அங்க ஊழியம் பண்ணின எபிஸ்கோபல் பாதிரியார் ஜான் ஃப்ளோபர்க் 100 பேராவது வாங்கன்னு கூப்பிட்டாரு, நவம்பர் 3-ம் தேதி 500 பேருக்கு மேல வந்து நின்னாங்க, பல சபை. கிறிஸ்தவ ராஜா கண்டுபிடிச்ச நிலம் அவனுக்கே சொந்தம்னு 15-ம் நூற்றாண்டுல போப் எழுதின ஆணையோட நகலை லக்கோட்டா பெரியவங்க கையில குடுத்து நெருப்புல போட வெச்சாங்க. பைப்லைன்ல அடுத்த வருஷமே எண்ணெய் ஓடிச்சு, அது வேற விஷயம். வத்திக்கான் அந்த ஆணைகளை ஒதுக்குறோம்னு சொன்னது 2023-ல.

எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியறது 2017-ல நடந்த ஒண்ணு, பேப்பர்ல சின்னதா வந்துச்சு. ரோஸ்பட்ல செயின்ட் பிரான்சிஸ் மிஷன் ஜெசுயிட்கள், 1880-கள்ல அரசாங்கம் சர்ச்சுக்கும் கல்லறைக்கும்னு அவங்களுக்குக் குடுத்த நிலத்துல 500 ஏக்கருக்கு மேல பழங்குடி அரசாங்கத்துக்கே திருப்பி எழுதிக் குடுத்துட்டாங்க. கேள்வியில "கலந்த ஊழியம்"னு கேட்டதுக்கு என் கணக்குல இதுதான் ஒழுங்கான உதாரணம், பலிபீடத்துல பைப் வைக்கிறது இல்ல.

கடைசியா, கேள்வியில நேர்ல போய்ப் பார்க்கணும்னு எழுதியிருந்தீங்களே. சர்ச் ஆராதனைக்குப் போகலாம், பவ்வவ் எல்லாருக்கும் பொது, அங்கயும் போகலாம், ஃபோட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. சூரிய நடனத்துக்கு யாராவது குடும்பமா கூப்பிடாம போகாதீங்க. வெளியாளுங்க உள்ள வர்றது வேண்டாம்னு புனித பைப்போட காவலர் ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ் 2003-லயே சொல்லிட்டாரு. காசு வாங்கிட்டு வியர்வைக் குடில் நடத்துறேன்னு நெட்ல விளம்பரம் போடுறவன் பக்கமே போயிடாதீங்க, 2009-ல அரிசோனாவுல ஒரு செல்ஃப் ஹெல்ப் குரு அப்படி நடத்தினதுல 3 பேர் செத்தாங்க.