ஏலக்காய்க் கடைக் கணக்கிற்கு டேப்லெட் போதுமா?

கடைக் கணக்குக்கு ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கலாமா, மலிவாகக் கிடைக்கும் பழைய நெட்புக் (சிறிய மடிக்கணினி) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். குமுளியில் ஏலக்காய் வாங்கிக் கம்பத்தில் விற்கும் உங்களுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் பதிவதே முதல் வேலை என்றால், மடிக்கணினிதான் வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு டேப்லெட் அதற்கு ஈடாகாது.

டேலியின் இன்றைய வடிவமான டேலி பிரைம் விண்டோஸில் நிறுவி இயக்கும் மென்பொருள். "டேப்லெட்டிலும் டேலி வரும்" என்று கடைக்காரர் உங்களிடம் சொன்னது, பிரவுசர் வழியாக அறிக்கைகளைப் பார்க்கும் வசதியை மனத்தில் வைத்துத்தான் இருக்கும். அதில் கணக்கைப் பார்க்கலாம், தரவிறக்கலாம். புதிய வவுச்சர், அதாவது வரவு செலவுப் பதிவு, போட முடியாது.

மலிவாகக் கிடைக்கிறது என்று நீங்கள் குறிப்பிட்ட பழைய நெட்புக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2007க்குப் பின் வந்த அந்த வகையில் பலவற்றுக்கு 1 அல்லது 2 ஜிபி நினைவகமும் 1024×600 திரையும்தான் உண்டு. பில்லின் கடைசி வரியைப் பார்க்கவே திரையை உருட்ட வேண்டியிருக்கும். அதன் மலிவு விலை உங்களை இழுத்தால், பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள்:

1. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதனுள் 'அபவுட்' பகுதியைத் திறக்கவும்.
2. 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் 32 பிட் என்றிருந்தால், இன்றைய டேலி பிரைம் அதில் ஓடாது.

ரூ.50,000க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை தாண்டும்போது எடுக்கும் இ-வே பில்லுக்காக (சரக்கோடு செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டு) மட்டும் டேப்லெட் வாங்குவது வீண்; கையிலுள்ள போனிலேயே அதை எடுத்துவிடலாம்.

ஆனால் கணக்கு முழுவதையும் ஆடிட்டரே போடுகிறார், நீங்கள் பில்லைப் படமெடுத்து அனுப்பி வரவு செலவைப் பார்ப்பதோடு சரி என்றால், மேலே சொன்னது பொருந்தாது. அப்போது டேப்லெட்டே வசதி. சிம் போடும் மாடலாக வாங்குங்கள்.