இரவில் அலறி எழும் மகனும் அலர்ஜி மாத்திரையும்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. அடிக்கடி தும்மல், மூக்கடைப்பு, இரவில் வீசிங். டாக்டர் இன்ஹேலரும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருப்பதாகச் சொன்னதால் பயந்து அதை நிறுத்திவிட்டேன். மாண்டெலுகாஸ்ட், லிவோசிட்ரிசின் கலந்த மாத்திரையை மட்டும் தினமும் இரவில் கொடுக்கிறேன். கொஞ்ச நாளாக நடுராத்திரியில் அலறிக்கொண்டு எழுகிறான். பகலிலும் எரிச்சல், அழுகை. மாத்திரைதான் காரணமா?

பதில்: காரணமாக இருக்கலாம். மாண்டெலுகாஸ்ட் சில குழந்தைகளுக்குக் கெட்ட கனவு, தூக்கமின்மை, கோபம், மனச்சோர்வு போன்றவற்றைக் கொண்டுவரும். அபூர்வமாகத் தற்கொலை எண்ணம்கூட வந்திருக்கிறது. அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. வெறும் தும்மல், மூக்கொழுகலுக்கு வேறு மருந்து பலன் தராதபோதுதான் இதைத் தரலாம் என்றும் சொன்னது. பெரும்பாலான குழந்தைகள் இதை எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், இன்றிரவு அந்த மாத்திரை வேண்டாம். நாளையே டாக்டரைப் பாருங்கள். நிறுத்தியதும் பொதுவாகச் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் கொஞ்ச காலம் நீடிக்கும். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதுபோல் பேசினாலோ நடந்துகொண்டாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள்.

மாத்திரையில் இருக்கும் இன்னொரு மருந்தான லிவோசிட்ரிசினின் பக்கவிளைவு பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தோடு நின்றுவிடும். சளி மருந்து என்று வீட்டில் இருக்கும் வேறு சிரப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அதிலும் இதே வகை மருந்து இருக்கலாம்.

இப்போது இன்ஹேலருக்கு வருவோம். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு, பயப்பட வேண்டாததை நிறுத்தியிருக்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டாலே பாதிப் பெற்றோர் இப்படித்தான் செய்கிறார்கள். இந்த வயதில் புடிசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரின் குறைந்த அளவு ஒரு நாளைக்கு 100 முதல் 200 மைக்ரோகிராம். வீசிங் முற்றி, 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாய்வழி ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் தர நேர்ந்தால், ஒரு நாளைக்கே 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ போகும். அதாவது 20,000 மைக்ரோகிராம். இரண்டு மருந்துகளின் வீரியமும் ஒன்றல்ல என்றாலும், எது உடம்பில் அதிகம் சேர்கிறது என்பது புரியும். இன்ஹேலரைச் சரியாகப் போட்டால் அந்த நிலைமை வருவதே குறையும்.

வளர்ச்சி பற்றி மறைக்க எதுவும் இல்லை. முதல் வருடத்தில் உயரம் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் குறையலாம். புடிசோனைடு எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்த ஆய்வில், சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது, அவ்வளவுதான். கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்துவையுங்கள்.

மற்றபடி தொண்டை கம்மல், நாக்கில் வெள்ளைப் படலம் வரலாம். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) வைத்துப் போட்டு, முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வைத்தால் போதும். இன்ஹேலரைக் குலுக்கி, ஒரு பஃப் அடித்து, ஸ்பேசர் வழியாக ஐந்தாறு முறை நிதானமாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். அப்புறம்தான் அடுத்த பஃப். இரண்டு பஃப்பையும் ஒன்றாக அடித்தால் நுரையீரலுக்குப் போகும் மருந்து குறைந்துவிடும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைக்காதீர்கள்.

அவசரத்துக்குப் போடும் சால்பூட்டமால் இன்ஹேலரால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அது தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கிடையில் குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ சால்பூட்டமாலைப் போட்டுக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நாளை போகும்போது மாத்திரை அட்டை, இன்ஹேலர், ஸ்பேசர் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், அலறல் எப்போது ஆரம்பித்தது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னிலையிலேயே ஒருமுறை பஃப் போட்டுக் காட்டுங்கள்.