கூடைப்பந்து ஆடும் மகளுக்கு மேனேஜ்மென்ட் கோட்டா சீட் எதற்கு?

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மதிப்பெண் நடுத்தரம். கூடைப்பந்தில் அணியின் ஆட்டத்தை வழிநடத்தும் பாயின்ட் கார்டு, தமிழ்நாடு ஜூனியர் அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவள். அப்பாவின் கோரிக்கை எளிமையானது: "மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வச்சிருக்கோம். பந்தை நாலு வருஷம் ஓரமா வைக்கச் சொல்லுங்க மேடம், நீங்க சொன்னா கேட்பா." அம்மா எதுவும் சொல்லவில்லை. அவர் கவலை வேறு. வெயிலில் கறுத்துப்போகிறாள், முட்டி உடைந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று நாத்தனார் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

பெற்றோரின் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு இந்த சீட் மருந்தல்ல. அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். மாவட்ட அணியில், மாநில அணியில் ஆடும் பெண்களின் வீடுகளில் ஒவ்வோர் ஆண்டும் இதே பேச்சுத்தான் நடக்கிறது.

முதலில் பணம். பெண்ணின் மதிப்பெண்ணுக்குக் கிடைக்காத பிரிவைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அந்தக் காசு தோப்பை அடமானம் வைத்து வருகிறது. நான்கு வருடக் கட்டணம், விடுதி, வட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள் என்றேன். அப்பா கூட்டவில்லை, அவருக்கு விடை தெரியும். விருப்பமில்லாத படிப்பைக் கடன் வாங்கிப் படிக்க வைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். அவளுக்கு உண்மையிலேயே பொறியியல்தான் ஆசை என்றால், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்விலேயே விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே வரிசையில் நிற்கட்டும், நன்கொடை தேவையில்லை.

ஆனால் ஆசை அதுவல்ல. பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினேன். கடைசியாகத் தோற்ற மேட்சைப் பற்றிக் கேட்டேன். எதிரணி ஜோன் டிஃபென்ஸுக்கு (ஆளுக்கு ஆள் அல்லாமல் பகுதி பிரித்துத் தடுப்பதற்கு) மாறியதை எப்போது கவனித்தாள், யாருக்குப் பாஸ் போயிருக்க வேண்டும், மூன்றாவது குவார்ட்டரில் ஏன் தடுமாறினார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். அடுத்து, பிடித்த பாடம் எது என்றேன். கணக்குப்பதிவியல் படிக்கவே ஆசை, அப்பாவுக்காகத்தான் பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்தேன் என்றாள். ஏற்கெனவே இரண்டு வருடம் அப்பாவுக்காகப் படித்துவிட்டாள். இன்னும் நான்கு வருடம் கேட்பது அதிகம்.

சரி, பந்து சோறு போடுமா? அந்த நாத்தனார், அதாவது பெண்ணின் அத்தை, இதையும் கேட்கிறாராம். இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஒரு தனி ஆள்சேர்ப்பு உண்டு. எழுத்துத் தேர்வு எழுதும் லட்சக்கணக்கானவர்களோடு போட்டியிட வேண்டாம். 18 வயது முதல் 25 வயது வரைதான் விண்ணப்பிக்க முடியும், யாருக்கும் வயதுத் தளர்வு கிடையாது. கிளார்க் போன்ற லெவல் 2, லெவல் 3 (சம்பள நிலைகள்) பணிகளுக்குப் பிளஸ் டூ போதும். அடிப்படைச் சம்பளம் லெவல் 2-க்கு 19,900 ரூபாய், லெவல் 3-க்கு 21,700 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. மைதானத்தில் டிரையல்ஸ் வைப்பார்கள். அதற்கு 40 மதிப்பெண், அதில் 25 எடுத்தால்தான் அடுத்த கட்டம். மீதி மதிப்பெண்ணில் பெரும்பகுதி விளையாட்டுச் சாதனைக்கு, கொஞ்சம் கல்வித் தகுதிக்கு.

எந்தச் சாதனை செல்லும் என்பதைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும். லெவல் 2, 3-க்கு இரண்டு வழிகள் உங்கள் மகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று, தமிழ்நாட்டுக்காக ஜூனியர் அல்லது சீனியர் தேசியப் போட்டியில் ஆடி, அணி முதல் எட்டு இடங்களுக்குள் வருவது. இன்னொன்று, பல்கலைக்கழக அணிக்காக ஆடி, அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வருவது. முதலில் தென்மண்டலப் போட்டி, அதில் முன்னணியில் வரும் அணிகளுக்கு அகில இந்தியப் போட்டி. இப்படி ஆடியதற்குப் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் கையெழுத்திட்டுத் தரும் சான்றுப் படிவம் ஃபார்ம் 3. மாநில அணிக்கு ஃபார்ம் 2. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும் இதுபோன்ற சான்றுகளைத்தான் கேட்பார்கள்.

அடுத்து, நான்கு வருடம் ஓரமாக வைக்கும் யோசனைக்கு வருகிறேன். ரயில்வே கணக்கில் எடுப்பது நடப்பு நிதியாண்டையும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளையும் மட்டுமே. 2024-25 அறிவிப்புகளில் 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஆடிய போட்டிகளே செல்லுபடியாயின. உங்கள் மகள் இன்று வைத்திருக்கும் ஜூனியர் தேசியச் சான்றிதழ், பொறியியல் முடித்து அவள் வெளியே வரும்போது வெறும் காகிதம். தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பவராகவும் இருக்க வேண்டும். நான்கு வருடம் கோர்ட்டை விட்டு விலகியவளால் 22 வயதில் திரும்பி வந்து டிரையல்ஸில் 25 மதிப்பெண் எடுக்க முடியாது. இந்த ஒரு விதியே போதும், அந்த சீட்டை வேண்டாம் என்று சொல்ல.

இடங்கள் மிகக் குறைவு, அதையும் மறைக்க மாட்டேன். ஓர் அறிவிப்பில் பெண்கள் கூடைப்பந்துக்கு ஒன்றிரண்டு இடம் இருக்கும். சில ஆண்டுகளில் அதுவும் இருக்காது. முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து பெண் வீராங்கனைகளுக்கு ஆண்களைவிடக் கூடுதல். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் ஒரு சீசன் போய்விடும். அதனால்தான் பட்டம் தன் காலில் நிற்க வேண்டும் என்கிறேன். பி.காம். படித்தால் அவளுக்குப் பிடித்த பாடம், மூன்றே வருடம், ஆட்டம் கைவிட்டாலும் சி.எம்.ஏ. (செலவுக் கணக்கியல் படிப்பு), வங்கித் தேர்வு என்று வழி திறந்திருக்கும். காலையிலும் மாலையிலும் பயிற்சிக்கு நேரமும் கிடைக்கும். அஞ்சல் வழியில் மட்டும் சேர்க்காதீர்கள். முழுநேர மாணவிதான் பல்கலைக்கழக அணியில் ஆட முடியும்.

நம் மண்ணிலேயே இப்படி ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பி, 2017-இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவை வென்ற அணியில் ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்ஙனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்த கீது அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேக்காக ஆடியவர்தான். ஆஸ்திரேலியாவில் கிளப் ஆட்டம் ஆடி, 2011-இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ அணிகளின் டிரையல்ஸ் வரை போனார். கல்யாணம் ஆகாதே என்று பேசும் உறவினர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: நிரந்தர மத்திய அரசு வேலையில் இருக்கும் பெண்ணை யாரும் குறைத்துப் பேசுவதில்லை.

அமெரிக்காவிலிருக்கும் சித்தப்பா வேறு ஒன்று சொல்லியிருக்கிறார், அங்கே முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமாம். கிடைக்கும், ஆனால் மிகச் சிலருக்கு. கல்லூரி விளையாட்டின் முதல் நிலையான டிவிஷன் 1 கல்லூரியில் ஒரு பெண்கள் அணிக்கு 15 பேர்தான். பெங்களூரு சஞ்சனா ரமேஷ் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு அப்படித்தான் போனார். டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்காக ஒரு டாலரும் தருவதில்லை. அங்கே இடம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டுக்குக் கதவைத் திறக்காதீர்கள். ஊர் பேர் தெரியாத சங்கம் நடத்தும் 'நேஷனல்' போட்டிக்குப் பணம் கட்டி வாங்கும் சான்றிதழும் எந்த அலுவலகத்திலும் செல்லாது.

இப்போது செய்ய வேண்டியது கல்லூரித் தேர்வு. பேரைப் பார்க்காதீர்கள், அணியைப் பாருங்கள். சென்னை எம்.ஓ.பி. வைணவ் போல அணியை உயிரோடு வைத்திருக்கும் கல்லூரிகளில் தனி டிரையல்ஸ் நடக்கும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் கல்லூரி அணியில் ஆடிய பிறகு பல்கலைக்கழக அணிக்கு இன்னொரு தேர்வு உண்டு. நிகர்நிலை போன்ற தனிப் பல்கலைக்கழகம் என்றால் கல்லூரி அணியே பல்கலைக்கழக அணி, ஆனால் உள்ளே இடம் பிடிப்பது கடினம். பாயின்ட் கார்டு இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்கள், அவர்கள் எந்த வருடம் முடிக்கிறார்கள் என்று பயிற்சியாளரிடமே கேளுங்கள். மூத்தவர்கள் நிறைந்த அணியில் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தால் ஆட்டம் வளராது.

கோவையில் சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைக்கான பெண்கள் போட்டி நடக்கும்போது குடும்பத்தோடு போய்ப் பாருங்கள், அத்தையையும் அழைத்துப் போங்கள். வேலையில் இருந்துகொண்டே ஆடும் பெண்களை அங்கே நேரில் பார்க்கலாம்.

சேர்க்கைக்கு முன் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. கட்டணச் சலுகை முதல் வருடத்துக்கு மட்டுமா, மூன்று வருடத்துக்குமா? காயம்பட்டு ஒரு சீசன் ஆடாவிட்டால் சலுகை ரத்தாகுமா? விடுதியும் சாப்பாடும் சலுகையில் சேருமா? போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ஆன் டியூட்டி (வருகைப்பதிவு) உண்டா, தவறவிட்ட உள்மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி எழுத விடுவார்களா? இவற்றுக்கு வாய் வார்த்தையாக மட்டும் பதில் சொல்லும் கல்லூரியில் பணம் கட்டாமல் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.