வாங்கும் முன் கேளுங்கள்: ரயில் படமும் கேமராக் கடையும்

(பிரிட்டனில் டீசல் பயணிகள் ரயில்களைப் படம் பிடிக்கும் வாசகர்களின் கேள்விகள், சுருக்கப்பட்டவை.)

பிளாட்பார முனையில் நின்று எடுக்க, பளிச்சென்ற மஞ்சள் பாதுகாப்பு ஜாக்கெட் வாங்கலாமா? – ரெடிங் வாசகர்

கூடாது. ஓட்டுநர் உங்களை ரயில்வே பணியாளர் என்று நினைத்துவிடுவார். தண்டவாளங்களை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரெயில் அமைப்பின் விதியே அதைத் தடுக்கிறது. ஃபிளாஷுக்கும் தடை உண்டு.

புது மிரர்லெஸ் கேமரா. 1/2000 நொடியில் எடுத்தும், முழு வேகத்தில் போன வாயேஜர் ரயில் படத்தில் பக்கவாட்டில் சாய்ந்து தெரிகிறது. பழுது என்று திருப்பலாமா? – டார்லிங்டன்

பழுதில்லை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். அதில் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுகிறது. அதற்கு 1/30 நொடி ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 125 மைல் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 56 மீட்டர். படத்தின் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவில் வண்டி 1.8 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். மெனுவில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள், சாய்வு பெரும்பாலும் போய்விடும். அப்படியும் பிடிக்கவில்லையா? கடைக்காரரிடம் இணையத்தில் வாங்கியிருந்தால், கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம்.

ரயில் முகப்பில் ஊர்ப்பெயர்ப் பலகை பாதிதான் தெரிகிறது. ஆன்டி-ஃப்ளிக்கர் உள்ள கேமராவுக்கு மாறட்டுமா? – பர்மிங்ஹாம்

மாற வேண்டாம். அந்த வசதி மின்விளக்குகளின் 100, 120 ஹெர்ட்ஸ் துடிப்புக்கானது. பலகையின் எல்இடிகள் வரிசை வரிசையாக மாறி மாறி எரிகின்றன. வேகமான ஷட்டருக்குள் சில வரிசைகளே சிக்கும். வண்டி நிற்கும்போது ஷட்டரை 1/125 நொடி வைத்து எடுத்துப் பாருங்கள்.

மாலையில் டெர்பியில் மெரிடியன் ரயிலை எடுத்தால், ஹெட்லைட்டுக்கு எதிர்ப்புறம் பச்சைப் புள்ளிகள். 600 பவுண்டு லென்ஸ். கடையில் மாற்றித்தர மறுக்கிறார்கள். – லெஸ்டர்

லென்ஸின் முன்னால் யூவி (புற ஊதா ஒளியைத் தடுக்கும்) ஃபில்டர் மாட்டியிருக்கிறீர்களா? முதலில் அதைக் கழற்றுங்கள். ஹெட்லைட் ஒளி சென்சாரில் பட்டுத் திரும்பி, ஃபில்டரின் தட்டைக் கண்ணாடியில் மோதி, மறுபடி சென்சாருக்கே வருகிறது. அதனால்தான் புள்ளிகள் படத்தின் நடுமையத்துக்கு நேர் எதிரே, தலைகீழாக விழுகின்றன: இடப்பக்கம் மேலே விளக்கு என்றால், வலப்பக்கம் கீழே புள்ளி. பிரிட்டனில் பகலிலும் ஹெட்லைட் எரியும். பின்னணி இருண்டதும் பேய்ப்புள்ளி பளிச்சென்று வெளியே வரும்.

யூவி ஒளியை டிஜிட்டல் கேமராவின் சென்சார் முன்னுள்ள கண்ணாடியே தடுத்துவிடுகிறது. ஃபிலிம் காலத் தேவையை இன்றைக்கும் ‘லென்ஸுக்குப் பாதுகாப்பு’ என்று சொல்லி பில்லில் ஏற்றுகிறார்கள். நானும் 45 பவுண்டு கொடுத்து ஒன்று வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்கப் படங்களைக் கெடுத்துக்கொண்டேன். இடிபடாமல் காக்க, லென்ஸ் முனையில் மாட்டும் குழலான லென்ஸ் ஹுட் போதும். பக்க வெளிச்சத்தையும் அது மறைக்கும். ரயில் பாதை கடலை ஒட்டி ஓடும் டாலிஷ் கடற்சுவரில் உப்புத்தூறல் தெறிக்கும்போது ஃபில்டர் உதவும், ஒப்புக்கொள்கிறேன். அங்கும் இருட்டியதும் கழற்றுங்கள்.

அந்த ஃபில்டரை, இரவு ரயில் எடுக்கவே வாங்குகிறேன் என்று கடையில் சொல்லி வாங்கினீர்களா? சொன்ன வேலைக்கு உதவாத பொருளை 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் நிராகரித்துப் பணம் கேட்கலாம். லென்ஸுக்கல்ல, ஃபில்டருக்குக் கேளுங்கள்.

‘கண்ணாடி சுத்தம்’ என்று விளம்பரம் செய்த தனிநபரிடம் 150-600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினேன். உள்ளே பூஞ்சை. ‘திருப்பி எடுக்கமாட்டேன்’ என்கிறார். – யார்க்

உங்கள் மேல் தப்பில்லை. தனிநபர் விற்றாலும் பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருந்தாக வேண்டும். விளம்பரப் பக்கத்தை உடனே படமாகச் சேமியுங்கள். அபெர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி புகும் துளை) முழுதாகத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, முன்னாலிருந்து பார்த்தால் சிலந்தி நூல் போலப் படர்ந்திருக்கும்; அதையும் படமெடுங்கள். லென்ஸைப் பிரிக்கவோ சுத்தம் செய்யவோ கொடுக்காதீர்கள், சாட்சி அழிந்துவிடும். பிறகு 14 நாள் கெடு வைத்துக் கடிதம் எழுதுங்கள். பணம் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை அங்கே கேட்கலாம்.

ஹாங்காங்கிலிருந்து மலிவாகக் கேமரா வரவழைத்தேன். கூரியர்காரர் வரி கேட்கிறார், நியாயமா? – ஸ்லவ்

நியாயம்தான். ‘எங்கிருந்து அனுப்பப்படுகிறது’ என்ற ஒரு வரியைப் படிக்காமல் பணம் கட்டியிருக்கிறீர்கள். 135 பவுண்டுக்கு மேற்பட்ட சரக்குக்கு இறக்குமதியின்போது 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. கூரியரின் கையாளும் கட்டணம் தனி. தயாரிப்பாளரின் பிரிட்டன் உத்தரவாதம் செல்லுமா என்பதையாவது இன்றே எழுதிக் கேளுங்கள்.

எஃப்/6.3 ஜூம் லென்ஸுக்கு 2 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (படத்தைப் பெரிதாக்க இடையில் மாட்டும் கூடுதல் லென்ஸ்) வாங்கலாமா? கோடையில் தூரத்து ரயில் மங்கலாகவே விழுகிறது. – பான்பரி

வேண்டாம். இரண்டு ஸ்டாப் ஒளி போய், அதாவது நாலில் ஒரு பங்கே மிஞ்சி, எஃப்/13 ஆகிவிடும், ஃபோகஸும் தடுமாறும். உங்கள் மங்கலுக்குக் காரணம் வெயிலில் சூடேறிய தண்டவாள ஜல்லியிலிருந்து எழும் வெப்பக் காற்றலை. தூரத்தை இழுத்தால் அதுவும் சேர்ந்து பெரிதாகும். ரயில் கிட்ட வரும்வரை காத்திருந்து 200 மில்லிமீட்டரில் எடுங்கள். கோடையில் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள்.