கூவுகிற மைக்செட்டும் ஹெண்ட்ரிக்ஸும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கே.புதூர் தொழிற்பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். உங்களைப் பல வருடங்களாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது கோபம். போன மாதம் கிட்டார் பற்றிய குறிப்பில் அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனை ‘விரல் சர்க்கஸ்’ என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். இருபது வருடமாகப் பட்டறையில் எனக்குத் துணை அவர்தான்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்ததும் இந்தச் சண்டைதான். மச்சான் ஓர் இன்னிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறார். அவருக்கு இங்கிலாந்து கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் குலதெய்வம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2011-ல் போட்ட சிறந்த கிட்டார் கலைஞர்கள் பட்டியலில் கிளாப்டனுக்கு 2-ம் இடம், 2023-ல் 35-ம் இடம். ‘பன்னிரண்டு வருசத்துல கையா தேஞ்சுபோச்சு?’ என்று கேட்கிறார். காலேஜ் படிக்கிற மகனோ, ‘பத்து வயசுப் பிள்ளைங்க இதைவிட வேகமா வாசிக்கிறாங்க, நீங்க இன்னும் செத்துப்போனவங்களுக்காக அடிச்சுக்கிறீங்க’ என்கிறான்.

எதை வைத்து அளப்பது அண்ணே? பட்டறையில் மைக்ரோமீட்டர் இருக்கிறது, சண்டை வராது. இதற்கு என்ன இருக்கிறது? அப்புறம், இந்தக் கதையில் நம்ம ஆட்களுக்கு ஏதாவது இடம் உண்டா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த இரண்டு வார்த்தை. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி 1978-ல் வந்த அவருடைய ‘இரப்ஷன்’ தனி வாசிப்பைத் திரும்பக் கேட்டேன். மொத்தமே 1 நிமிடம் 42 விநாடி. நான் கோபப்பட்டது அவர் மேல் இல்லை. அவரைப் பார்த்து 80-களில் தலைமுடி வளர்த்துக்கொண்டு, தந்தியை இரண்டு கையாலும் தட்டித் தட்டி, பாட்டு எங்கே என்று தேடவிட்ட கூட்டத்தின் மேல். பேரன் செய்த குற்றத்துக்குத் தாத்தாவுக்கு அபராதம் போட்டுவிட்டேன்.

வலதுகை விரலையும் கிட்டாரின் கழுத்துக்குக் கொண்டுபோய்த் தட்டுகிற வித்தையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜெனசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் உட்படச் சிலர் முன்பே செய்திருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அந்த கிட்டாரையே அவர்தான் சேர்த்துக் கட்டினார். 50 டாலருக்கு ஒரு கட்டை, 80 டாலருக்கு ஒரு கழுத்து, கிப்ஸன் கிட்டாரிலிருந்து கழற்றிய ஒரு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்புகிற காந்தச் சுருள்). அது உட்கார மரத்தைக் குடைந்து, மேலே கோடு கோடாகப் பெயின்ட். கடையில் தொங்கிய எந்தக் கிட்டாரும் அவர் காதில் இருந்த சத்தத்தைக் கொடுக்கவில்லை என்பதால் செய்த வேலை. லேத்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, அளவுகோலுக்கு வருகிறேன். சுற்றிவளைத்துத்தான் வர வேண்டியிருக்கிறது.

சின்ன வயதில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. மேடையில் பாட்டுக் கச்சேரி. மைக்செட்காரர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால், நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். பாடகர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு குழாய் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். ‘கூ…’ என்று ஓர் ஊளை. முன்வரிசைப் பாட்டிகள் காதைப் பொத்தினார்கள், கைப்பிள்ளைகள் வீறிட்டன. செட்காரர் வெற்றிலையைத் துப்பக்கூட நேரமில்லாமல் பாய்ந்துவந்து குமிழைத் திருகினார். ஸ்பீக்கரிலிருந்து வருகிற சத்தம் மறுபடி மைக்கில் புகுந்து, ஆம்ப்ளிஃபயரில் பெருகி, திரும்ப ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்கில் நுழைகிறது. வட்டம் போட்டுக்கொண்டே ஏறுகிற சத்தம். ஃபீட்பேக் என்கிற சொல் எனக்குத் தெரிய வந்தது வெகுகாலம் கழித்து. நம் ஊரில் அதற்குப் பெயர் ‘செட்டு கூவுது’. கூவினால் செட்காரருக்குக் கெட்ட பேர், அவ்வளவுதான்.

எலக்ட்ரிக் கிட்டாரும் இப்படித்தான் கூவும். ஸ்பீக்கரின் அதிர்வு தந்தியை ஆட்டும், பிக்கப் அதை எடுத்து மறுபடி ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும். 1964-லேயே பீட்டில்ஸ் ஒரு பாட்டின் தொடக்கத்தில் அதை வேண்டுமென்றே வைத்தார்கள். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் செய்தார். ஆனால் அவர்களிடம் அது சத்தமாகவே இருந்தது. அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதைச் சுருதியில் உட்கார வைத்தார். எவ்வளவு தள்ளி நிற்பது, எந்தக் கோணத்தில் திரும்புவது, கிட்டாரின் உலோகக் கைப்பிடியை எவ்வளவு அழுத்தித் தந்தியைத் தளர்த்துவது என்று ஓர் இலக்கணமே அதற்கு உண்டாக்கினார். 1969-ல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் அவர் மேடை ஏறியது திங்கட்கிழமை காலையில். நான்கு லட்சம் பேர் கூடிய இடத்தில் பெரும்பகுதி கலைந்துபோய்விட்டது. அழகர் ஆற்றில் இறங்கி மண்டகப்படிக்குப் போனபிறகு வைகைக்கரை எப்படி இருக்கும், அப்படி. அங்கே அமெரிக்க தேசிய கீதத்தை எடுத்தார். நடுநடுவே குண்டு விழுகிறது, விமானம் கீழே பாய்கிறது, யாரோ அலறுகிறார்கள். எல்லாம் ஆறு தந்தியில். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். பாராசூட் படையில் இருந்துவிட்டு வந்த ஆள் வாசிக்கிறார்.

செட்காரர் ஓடிவந்து அணைக்கிற சத்தத்தை ஒருவன் பாட்டாக மாற்றிவிட்டான் இல்லையா, அதுதான் என் அளவுகோல். ஒருவர் வாசித்து முடித்துக் கீழே வைத்தபிறகு அந்தக் கருவி பழைய கருவியாகவே இருக்கிறதா? ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் வந்து இறங்கியது 1966 செப்டம்பர் 24. இறந்தது 1970 செப்டம்பர் 18, அதே ஊரில், 27 வயதில். நான்கு வருடத்துக்கு ஆறு நாள் குறைவு. அதற்குள் மாற்றிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் மகன் சொல்வதும் உண்மைதான், பத்து வயதுப் பிள்ளைகள் வேகமாக வாசிக்கிறார்கள். 1330 குறளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கைதட்டிப் பரிசு கொடுக்கிறோம். வள்ளுவர் தோற்றார் என்று யாரும் சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு பெயர் இல்லாதது எனக்கு ஆச்சரியம். டோனி ஐயோமி. பட்டறைக்காரர் சண்டைபோட வேண்டியது இவருக்காகத்தான். பர்மிங்காமில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. 17 வயது. இசைக்குழுவோடு வெளியூர் போகப்போகிறார், வேலைக்கு அன்றுதான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிமேல் போகவில்லை என்றார். தொடங்கின நாளை ஒழுங்காக முடி என்று அம்மா திருப்பி அனுப்பினார். பழக்கமில்லாத மெஷினில் நிற்கவைத்தார்கள். வலதுகையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர். அப்படியென்றால் தந்தியை அழுத்துகிற கை அதுதான்.

ஆறுதல் சொல்ல வந்த தொழிற்சாலை மேலாளர், ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினாராம். தீவிபத்தில் இரண்டு விரல் முடங்கியும் வாசித்த ஜிப்சி கிட்டார் கலைஞர் அவர். ஐயோமி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவ பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, அரம் போட்டு ராவி, மேலே தோல் ஒட்டினார். அப்போதும் வலித்தது. மெல்லிய தந்தி போட்டார். பிற்பாடு தந்தியின் விறைப்பையும் தளர்த்தினார். 1971-ல் வந்த, அவருடைய குழுவான பிளாக் சப்பாத்தின் ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை இறக்கியிருக்கிறார். அந்தத் தாழ்ந்த, கனத்த சத்தத்திலிருந்துதான் ஹெவி மெட்டல் என்று ஒரு வம்சமே கிளம்பியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை ஞாபகம் வரும். கீச்சென்று உச்சத்தில் நின்ற திமிரி நாயனத்தை விட்டுவிட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் சொல்லி நீளமான பாரி நாயனம் செய்ய வைத்தவர். அதன் பிறகு நாயனம் என்றாலே பாரி என்று ஆகிவிட்டது. அவர் இறக்கியது காதுக்காக, இவர் இறக்கியது வலிக்காக.

இனி உங்கள் மச்சானின் குலதெய்வம். அவரைக் கும்பிட்டது மச்சான் மட்டும் இல்லை, 60-களில் லண்டன் சுவரிலேயே ‘கிளாப்டன்தான் கடவுள்’ என்று எழுதிவைத்தார்கள். கை தேயவில்லை. 1966-ல் ஜான் மேயாலோடு வாசித்த ஆல்பத்தில் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்பிளிஃபயரில் செருகி உச்சத்துக்கு ஏற்றினார் பாருங்கள், அந்தத் தடித்த ஒலிக்காக என் கணக்கில் அவருக்கு இடம் உண்டு. 1970 ‘லைலா’ வரைக்கும் உண்டு. அதற்குப் பிறகு அவர் நல்ல வித்வான், அவ்வளவே. பட்டியல் சரிந்ததற்குக் காரணம், பட்டியல் போடுகிறவர்களின் காது மாறியதுதான் என்று நினைக்கிறேன். அதே 2023 பட்டியலில் 6-ம் இடம் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்கிற கறுப்பினப் பெண்ணுக்கு. 1930-களிலேயே பதிவு செய்யத் தொடங்கிவிட்ட தேவாலயப் பாடகி. 1964-ல் மான்செஸ்டரில், ரயில் வராத ஒரு ஸ்டேஷனின் நடைமேடையில், மழை ஈரத்தில், கம்பளிக் கோட்டோடு வெள்ளை கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசித்திருக்கிறார். எதிர் நடைமேடையில் இங்கிலாந்துப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கிறார்கள். வீடியோ கிடைக்கிறது. மச்சானுக்குப் போட்டுக் காட்டுங்கள், கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1976-ல் பர்மிங்காம் மேடையில் கிளாப்டன் குடிபோதையில், குடியேறியவர்களை வெளியேற்ற வேண்டும் என்று பேசினார். அதற்கு எதிர்ப்பாகத்தான் இனவெறிக்கு எதிரான ராக் இயக்கமே இங்கிலாந்தில் தொடங்கியது. வெட்கப்படுகிறேன் என்று பிற்காலத்தில் சொல்லிவிட்டார். கலையையும் ஆளையும் பிரித்துப் பார் என்பது பொதுவாக எனக்கும் சம்மதம்தான். ஆனால் ராபர்ட் ஜான்சன், பி.பி. கிங் என்று கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து வித்தை எடுத்தவர், இரண்டு வருடம் முன்புதான் ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர், அப்படிப் பேசியது எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. பாட்டை அணைப்பதில்லை. முன்பு போல் சத்தமாக வைப்பதுமில்லை.

லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் விட்டுவிடுகிறேன், ஆரம்பித்தால் இது கட்டுரையாகிவிடும்.

நம்ம ஆட்கள். உண்டு தம்பி, ஆனால் உடனே ‘எல்லாம் நம்மகிட்டேயிருந்து போனதுதான்’ என்று மகனிடம் ஆரம்பித்துவிடாதீர்கள். ஜான் மெக்லாஃப்லின் என்கிற ஆங்கிலேய கிட்டார் கலைஞர், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர், அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தார். சிலப்பதிகார இசையை ஆராய்ந்த அதே ராமநாதன்தான். அந்த ஆய்வு 1979-ல் நம் காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. மெக்லாஃப்லின் தொடங்கிய சக்தி குழுவின் முதல் ஆல்பத்தில் கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரத்து ராகவன். மெக்லாஃப்லின் கையிலிருந்த கிட்டாரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல ஆசை. கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) நடுவே மரத்தைப் படகு வயிறு போலக் குடைந்திருந்தார்கள். விரல் மரத்தில் முட்டாமல், வீணையில் போலத் தந்தியை இழுத்துக் கமகம் வாசிக்க. குறுக்கே சாய்வாக ஏழு தந்திகள், சும்மா கூடவே அதிர்ந்துகொண்டிருக்க. கருவியை மாற்றினார், மறுக்க முடியாது. ஆனால் அவருக்குப் பின்னால் அந்த வழியில் நடந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இவ்வளவு நியாயம் பேசிவிட்டு ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். என் அளவுகோலில் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோருக்குப் பெரிய இடம் கிடைக்காது. அவர் கருவியை ஒன்றும் புரட்டிப்போடவில்லை. 2019-ல் அவருடைய கறுப்பு கிட்டார் 39,75,000 டாலருக்கு ஏலம் போனது, பணத்தைச் சுற்றுச்சூழலுக்காக வழக்காடும் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அதெல்லாம் வேறு கணக்கு. ஆனால் ராத்திரி தூக்கம் வராவிட்டால் நான் போடுவது அவரைத்தான்.

80-களின் கடைசியில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கேசட் கடையில் 60 நிமிட டிடிகே கேசட் வாங்கிக்கொடுத்துப் பாட்டுகள் பதிவு செய்தேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘கம்ஃபர்ட்டப்ளி நம்ப்’. கடைக்காரர் நேரத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது சோலோவில் கில்மோர் ஒரு தந்தியை இழுத்துக்கொண்டே மேலே போகிறார், போகிறார், ‘டக்’. நாடா தீர்ந்துவிட்டது. ஆறேழு வருடம் அந்தப் பாட்டு அங்கேதான் முடிகிறது என்று நினைத்திருந்தேன். சென்னையில் ஒரு நண்பர் அறையில் முழுசாகக் கேட்டபோது, அது தேய்ந்து தேய்ந்து மறைவது எனக்கு என்னவோ போலிருந்தது. இப்போது ஃபோனில் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் காது ‘டக்’குக்குக் காத்திருக்கிறது.

கேசட் பத்திரமாக இருக்கிறது. டெக்கில்தான் ஒரு பித்தளைப் புல்லி தேய்ந்து வேகம் தள்ளாடுகிறது. மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டார்கள். அளவு எடுத்து அனுப்பினால் பட்டறையில் கடைந்து தர முடியுமா?

அன்புடன்,
அண்ணன்